ஜிம் ஸ்டைன்ஸின் 244 ஆட்டங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியக் கால்பந்து பற்றிய கட்டுரையில், மெல்பர்ன் அணிக்கு ஆடிய ஜிம் ஸ்டைன்ஸைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். மெல்பர்னுக்குக் குடிவந்த பிறகு நானும் ஃபுட்டி (இங்கே அந்த ஆட்டத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்) பார்க்கிறேன். அலுவலகத்தில் அவர் பேச்சு வந்தாலே முதலில் 1987இல் அவர் செய்த தவறைச் சொல்கிறார்கள், அப்புறம் ‘எப்படி எழுந்து வந்தார் பார்’ என்கிறார்கள். ஒரு கோப்பைகூட ஜெயிக்காதவரை இவ்வளவு கொண்டாடுவது ஏன்? அந்தத் தவறுதான் அவரைப் பெரிய ஆளாக்கியதா?

கே., மெல்பர்ன்

அன்புள்ள கே.,

இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கதையை அப்படிச் சொல்வதே எனக்குப் பிடிக்காது.

நடந்தது இதுதான். 1964க்குப் பிறகு மெல்பர்ன் அணி இறுதிச்சுற்றுகளுக்கே வந்ததில்லை. 1987இல் வந்து, ஹாதர்ன் அணிக்கு எதிரான பிரிலிமினரி ஃபைனலில் (இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்று) கடைசி வினாடிவரை முன்னணியில் இருந்தது. ஹாதர்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கோல் கம்பங்கள் வெகு தூரத்தில் இருந்தன, அங்கிருந்து அடிப்பது கஷ்டம். உதைக்கப்போகிறவருக்கும் அவரைத் தடுத்து நிற்பவருக்கும் நடுவே யாரும் ஓடக்கூடாது. ஸ்டைன்ஸ் ஓடிவிட்டார். அதற்குத் தண்டனையாக, உதைக்கும் இடத்தை நடுவர் 15 மீட்டர் முன்னால் கொண்டுபோனார். ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்தபிறகு பக்கனாரா உதைத்த பந்து கோலானது. மெல்பர்ன் 2 புள்ளியில் தோற்றது. ஸ்டைன்ஸுக்கு அப்போது வயது 21, முதல் சீசன்.

ஓடிய நேரம் சில வினாடிகள். அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டப்ளினில் அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆடிய பையன், மெல்பர்ன் கிளப் அயர்லாந்தில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து, 18 வயதில் 1984இல் வந்து சேர்ந்தார். கேலிக் பந்து உருண்டை. இங்கே பந்து முட்டை வடிவம், தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. இங்குள்ள பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் பழகுவதை அவர் பெரியவனான பிறகு கற்றார். முதலில் சரிப்படவில்லை. பிரஹ்ரான் என்ற கீழ்நிலைக் கிளப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஆடித் தேறித்தான் திரும்பினார்.

அவர் ஆடியது ரக் இடத்தில். நடுவர் பந்தை மேலே எழுப்ப, இரு நெட்டை ஆட்கள் தாவி, அதைத் தன் அணிக்காரர் பக்கம் தட்டிவிடும் வேலை. பெரும்பாலான ரக்மேன்கள் தட்டிவிட்டு மூச்சு வாங்குவார்கள். ஸ்டைன்ஸ் 199 செ.மீ. உயரத்தோடு மைதானம் முழுக்க ஓடினார். கேலிக்கில் வந்த ஓட்டம் அது. உயரமான எதிராளியால் அவரைத் துரத்த முடியாது, துரத்த முடிந்தவரோ உயரத்தில் அவருக்கு ஈடாக மாட்டார். 1991இல், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்களின் வாக்கில் கிடைக்கும் பிரௌன்லோ பதக்கத்தை வாங்கினார். அயர்லாந்திலிருந்து வந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்.

எனக்கு அதைவிடப் பெரிது அந்த 244. 1987இல் தொடங்கி 1998 வரை தொடர்ந்து 244 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல். 2025இல் ஜாக் கிரிஸ்ப் தாண்டும்வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் அதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தாவலிலும் எதிராளியின் முழங்கால் விலாவில் இறங்கும் இடம் ரக் என்பதை மறந்துவிடாதீர்கள். 1993இல் விலா எலும்பின் குருத்தெலும்பு கிழிந்தது. வாரக்கணக்கில் ஆட முடியாது என்ற நிலை. சக ஆட்டக்காரர்களைத் தன்மேல் மோதவிட்டு, தாங்க முடிகிறது என்று பயிற்சியாளருக்குக் காட்டிவிட்டு இறங்கினார். மருத்துவ ரீதியாக அது சரியா என்று கேட்டால், இன்று எந்தக் கிளப்பும் அனுமதிக்கக் கூடாது என்றே சொல்வேன். ஆனால் அந்த ஆளின் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று அதில் தெரிகிறது.

ஆடிக்கொண்டிருந்தபோதே, 1994இல் பதின்வயதினருக்காக ரீச் என்ற அமைப்பை இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். 2008இல் கடனில் மூழ்கியிருந்த மெல்பர்ன் கிளப்பின் தலைவரானார். அடுத்த ஆண்டே புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் பொறுப்பில் இருந்து, 2010இல் கடனைத் தீர்த்தார். 2012 மார்ச்சில், 45 வயதில், இறந்தார். 1964க்குப் பிறகு மெல்பர்ன் அணி கோப்பையை வென்றது 2021இல்தான்.

கோப்பை இல்லாததால் அவர் வாழ்க்கையில் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பதென்றால் 1987இன் அந்தக் கடைசி நிமிடத்திலிருந்து தொடங்காதீர்கள். 1991 சீசனில் ஏதாவது ஒரு ஆட்டத்தை எடுத்து, பந்து கையில் இல்லாதபோது அவர் எங்கே ஓடுகிறார் என்று மட்டும் பாருங்கள்.