ரயில் போனது உங்கள் தாமதத்தாலா, அவர்களாலா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கண் அறுவை சிகிச்சைக்காகச் சென்னை போக மூன்றடுக்கு ஏசியில் இரண்டு டிக்கெட் ஆன்லைனில் எடுத்திருந்தேன். மலைப்பாதையில் நெரிசல். நிலைய வாசலில் இறங்கியபோது ரயில் கிளம்ப 14 நிமிடம் இருந்தது. விசாரணை கவுண்டரில் ஆள் இல்லை. சீருடையில் இருந்த ஒருவரிடம் சக்கர நாற்காலி கேட்டேன். "அது என் வேலை இல்லை, போர்டைப் பாருங்க" என்று திரும்பிக்கொண்டார். போர்டில் போட்டிருந்த நடைமேடைக்குப் போய் நின்ற பிறகு, ரயில் வேறு நடைமேடைக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. அம்மாவைப் படியேற்றி இறக்குவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. புகார்ப் புத்தகம் கேட்டால் "காலையில் வாங்க" என்றார்கள். டிக்கெட் பணம் 1,300 சொச்சம் போனது. ஆம்னி பஸ்ஸுக்கு 2,400 ஆனது. நடந்து 19 நாள் ஆகிறது. அந்த ஊழியரைச் சஸ்பெண்ட் செய்ய வைக்க முடியுமா? நஷ்ட ஈடு கிடைக்குமா? நிலையத்தின் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: சட்டம் பிறகு. முதலில் நாளைக்குள் ஒரு கடிதம் அனுப்புங்கள். ரயில் நிலைய சிசிடிவி பதிவுகளைப் பெரும்பாலும் 30 நாள்தான் வைத்திருப்பார்கள். அதில் 19 நாள் போய்விட்டது. உங்கள் வழக்கில் உங்களைவிட நல்ல சாட்சி அந்தக் கேமராதான்.

கடிதம் சூரமங்கலத்தில் உள்ள சேலம் கோட்ட ரயில்வே மேலாளருக்குப் போகட்டும். நகலை அந்த நிலையத்தின் மேலாளருக்கும், ரயில்வே பாதுகாப்புப் படை ஆய்வாளருக்கும் அனுப்புங்கள். ரயில் எண், பிஎன்ஆர், தேதி மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். ரயில் கிளம்பும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பிருந்து 30 நிமிடம் பின்பு வரையான பதிவு வேண்டும் என்று கேளுங்கள். எந்தெந்த இடம் என்பதும் முக்கியம்: நிலைய வாசல், விசாரணை கவுண்டர், நீங்கள் முதலில் நின்ற நடைமேடை, லிஃப்ட் வாசல், நடைமேம்பாலப் படி, நிலைய மேலாளர் அறை வாசல். "சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யவிருக்கும் புகாருக்கு இது சாட்சியம், அழிக்காமல் வைக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். கடிதம் கிடைத்த பிறகும் பதிவை அழித்தால், அது ரயில்வேக்குப் பாதகமாக இருந்ததால்தான் காட்டவில்லை என்று அனுமானிக்கும்படி ஆணையத்தைக் கேட்கலாம். பாரதிய சாட்சிய சட்டம் 119-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஸ்பீடு போஸ்ட் ரசீதையும், சேர்ந்ததற்கான ஆன்லைன் அச்சையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் கோபம் முழுக்க "என் வேலை இல்லை" என்று சொன்ன அந்த ஒருவர் மேல் இருக்கிறது. நியாயமான கோபம்தான். வயதான தாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் முகம் திருப்பிக்கொண்டதற்கு மட்டும் எந்த ஆணையமும் பணம் தராது. பதில் சொல்லத் தெரிந்தாக வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரயில் போனது நீங்கள் தாமதமாக வந்ததாலா, அவர்கள் செய்ததாலா? ரயில்வே வழக்கறிஞர் எழுந்ததும் சொல்லப்போவது, "ஏற்காடு மலைப்பாதையில் மாட்டிக்கொண்டு கடைசி நேரத்தில் வந்தார்கள்" என்பதுதான். ரயில் கிளம்ப 3 நிமிடம் இருக்கும்போதுதான் வந்திருந்தீர்கள் என்றால் வழக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். 14 நிமிடம் என்பது வேறு. முதலிலேயே சரியான நடைமேடை தெரிந்திருந்தால், முழங்கால் வலியோடு நடக்கும் அம்மாவைக்கூட அந்த நேரத்தில் ஏற்றியிருக்கலாம்.

ஆகவே அந்த 14 நிமிடத்தை நிரூபிப்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. டாக்ஸியில் வந்திருந்தால் பயணம் முடிந்த நேரம் செயலியில் இருக்கும். ஓட்டுநருக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் நொடி வரை பதிவாகியிருக்கும். சொந்த வண்டி என்றால் வண்டி நிறுத்துமிட ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும், அதைத் தேடுங்கள். நிலையத்தில் நின்றபோது யாருக்காவது போன் செய்தீர்களா, போர்டைப் படம் எடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்தால் எடுத்த நேர விவரம் போய்விடும், அசல் கோப்பை அப்படியே போனில் வைத்திருங்கள். ஆணையத்தில் தரும்போது இவற்றோடு சாட்சிய சட்டம் 63(4) பிரிவின்படி, மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும்.

அவர்கள் பக்கத்து ஆவணங்களை எடுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆர்டிஐ இணையதளத்தில் 10 ரூபாய் கட்டி, சேலம் கோட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: "ஏன் சக்கர நாற்காலி தரவில்லை?" என்று கேட்பார்கள். ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அந்த ரயில் உண்மையில் வந்த நேரம், கிளம்பிய நேரம். முதலில் ஒதுக்கிய நடைமேடை எது, மாற்றிய நேரம் எது. அறிவிப்பு ஒலித்த நேரம். விசாரணை கவுண்டரில் அந்த ஷிஃப்டில் யாருக்குப் பணி. லிஃப்ட் பழுது எப்போது பதிவானது, எப்போது சரியானது. நிலையத்தில் எத்தனை சக்கர நாற்காலி. இவ்வளவு போதும். சிசிடிவியையும் இதிலேயே கேளுங்கள். ஆனால் ஆர்டிஐ பதில் வருவதற்குள் பதிவு அழிந்துவிடும் என்பதால்தான் அந்தக் கடிதத்தை முதலில் சொன்னேன். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்து நஷ்ட ஈடு. இங்கே இரண்டு வாசல் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டால் புகார் ஆரம்பத்திலேயே அடிபடும். டிக்கெட் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தின் வேலை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13, 15 பிரிவுகள் அதை வேறு மன்றங்களிலிருந்து எடுத்துத் தீர்ப்பாயத்திடம் கொடுத்திருக்கின்றன. நமக்கான அமர்வு சென்னையில். பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் 1,300 ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைய நான் சொல்ல மாட்டேன். ஆன்லைன் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசியில் டிடிஆர், அதாவது பயணம் செய்யாத டிக்கெட்டின் பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, போட ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனிக் கெடு உண்டு. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்ற காரணத்துக்கு, அது உங்கள் நிலையத்திலிருந்து கிளம்புவதற்கு முன்பே போட்டாக வேண்டும். 19 நாள் கழித்து டிடிஆரில் பணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கான வாசல் நுகர்வோர் ஆணையம். கவுண்டரில் ஆள் இல்லாதது, முதியவருக்குச் சக்கர நாற்காலி மறுத்தது, கடைசி நேரத்தில் நடைமேடையை மாற்றியது, அதே நேரத்தில் லிஃப்ட் ஓடாதது, புகார்ப் புத்தகம் தர மறுத்தது என எல்லாம் சேர்ந்து சேவைக் குறைபாடு. இதில் நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கும் கடைசி விஷயத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். அவசரத்தில் நடைமேடை மாறியதற்கு அவர்கள் காரணம் சொல்லலாம். கேட்ட பயணிக்குப் புகார்ப் புத்தகத்தைக் கொடுக்காததற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் சஞ்சய் சுக்லா வழக்கில் சொன்னது உங்களுக்கு உதவும். ரயில் 4 மணி நேரம் தாமதமாகி, ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்தின் வழக்கு அது. ரயில் நேரத்துக்கு வரும் என்று தாங்கள் உத்தரவாதம் தரவில்லை, எங்கள் கட்டண விதிகளே அப்படிச் சொல்கின்றன என்று ரயில்வே வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதம் தங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வந்தது என்று ரயில்வேதான் ஆதாரத்தோடு காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. உங்களுடையது ரயில் தாமத வழக்கு அல்ல, ஆகவே அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. "நாங்கள் எதற்கும் பொறுப்பில்லை" என்ற விதியைக் காட்டித் தப்ப முடியாது என்ற பகுதி பொருந்தும். "நடைமேடை மாறலாம் என்று முன்பே சொல்லியிருக்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும்: மாற்றலாம், ஆனால் போய்ச் சேர நேரம் விட்டு மாற்ற வேண்டும்.

அந்த வழக்கில் கிடைத்த தொகையையும் தெரிந்துகொள்ளுங்கள். டாக்ஸிச் செலவு 15,000, முன்பதிவுச் செலவு 10,000, மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவு 5,000. ஆகவே 5 லட்சம் கேட்டு மனுவைப் பெரிதாக்காதீர்கள். பஸ் செலவு 2,400, மருத்துவமனையில் நேரம் மாறியதால் ஆன செலவு இருந்தால் அது, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. செலவு ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கட்டும். டிக்கெட் பணத்தைத் தனிக் கோரிக்கையாகப் போடாதீர்கள், அது தீர்ப்பாயத்தின் வேலை என்ற ஆட்சேபணைக்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ஏற்காட்டுக்குச் சேலம் மாவட்ட ஆணையம்தான். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். எதிர் மனுதாரராக மத்திய அரசை, தெற்கு ரயில்வே பொது மேலாளர் வழியாகச் சேருங்கள். சேலம் கோட்ட மேலாளர் இரண்டாம் எதிர் மனுதாரர். அந்த ஊழியரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டாம், வழக்கு தனிப்பகை போல ஆகிவிடும். அரசு மீதான சிவில் வழக்குக்குத் தேவையான, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு நோட்டீஸ் இங்கே கட்டாயமில்லை. ஆனாலும் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கு வரும் பதிலில் "அன்று லிஃப்ட் பழுது" என்று அவர்களே எழுதிக்கொடுப்பது உண்டு. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகும், அதற்குத் தயாராக இருங்கள்.

சஸ்பெண்ட் செய்ய வைக்க உங்களுக்குச் சட்ட உரிமை கிடையாது. ரயில்வே ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகள் 1968-இன் கீழ் துறைதான் முடிவெடுக்கும். நீங்கள் செய்யக்கூடியது, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றோடு கோட்ட மேலாளருக்குத் தனியாக எழுதுவது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பணிப் பட்டியலிலிருந்து கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அவர் மேல் என்ன தண்டனை வந்தது என்று ஆர்டிஐயில் கேட்டால் தனிநபர் தகவல் என்று பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: அந்த நேரத்தில் அங்கேயே நின்று 139-ஐ அழைத்திருந்தால், அல்லது ரயில்வேயின் புகார் செயலியான 'ரயில் மதத்'தில் (RailMadad) புகார் போட்டிருந்தால், ஒரு குறிப்பு எண்ணும் நேரமும் கையில் இருந்திருக்கும். புகார்ப் புத்தகத்தை மறுத்தாலும் இதை யாராலும் மறுக்க முடியாது. ஒரு வரிப் பதிலோடு புகாரை மூடினாலும் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள், மூடிய விதமே சாட்சியமாகும். கவுண்டரில் கத்தவோ, வழிமறிக்கவோ வேண்டாம். ரயில்வே சட்டம் 146-வது பிரிவில் ஊழியர் பணியைத் தடுத்ததாக வழக்குப் போட்டால், குற்றம் சாட்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிவரும். முன்னால் ஏறிவிட்ட உறவினர் நமக்காகச் சங்கிலியை இழுப்பதும் 141-வது பிரிவில் குற்றம், ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். தண்டவாளத்தைத் தாண்டி அடுத்த நடைமேடைக்கு ஓடுவது 147-வது பிரிவு, 6 மாதம் வரை. போன ரயிலின் முன்பதிவு டிக்கெட்டோடு அடுத்த ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

உங்கள் டிக்கெட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: ஏறும் நிலையம் சேலம் ஜங்ஷனா, சேலம் டவுனா? நீங்கள் போனது அந்த நிலையத்துக்குத்தானா? இது மாறியிருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

எல்லாம் சரியாக இருந்தால், அம்மாவையும் புகார்தாரராகச் சேருங்கள். டிக்கெட்டில் அவர் பெயரும் இருக்கிறது, படியேறி அவதிப்பட்டதும் அவர்தான். முழங்காலுக்குச் சிகிச்சை எடுத்த பழைய மருத்துவச் சீட்டு, கண் அறுவை சிகிச்சைக்கு நேரம் குறித்த சீட்டு இரண்டையும் இணைத்து, அவர் பெயரில் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரியுங்கள். அன்று நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.