வீட்டு விளையில் காய்கறித் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் ஐந்து சென்ட் விளை (மரங்கள் நிற்கும் தோட்ட நிலம்) இருக்கிறது. நான்கு தென்னை, ஒரு பலா, ஒரு மூட்டில் மட்டி வாழை போக மீதி இடம் புல்லும் களையுமாகக் கிடக்கிறது. பெர்மாகல்ச்சர் முறையில் காய்கறி பயிரிட ஆசைப்படுகிறேன். முன்அனுபவம் எதுவும் இல்லை. ஜேசிபி வைத்து இடத்தைச் சுத்தமாக்கிவிட்டுத் தொடங்கலாமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஜேசிபி வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேட்டு நிலங்களில் பயிருக்கு உதவும் மேல்மண் மெல்லியது. அதன் கீழே இறுகிய செம்மண்ணும் சரளையும்தான் இருக்கும். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வழித்துத் தள்ளிவிடும் அந்த மண்ணைத் திரும்ப உண்டாக்க உங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும். களை முளைத்திருப்பது அங்கே மண் உயிரோடு இருக்கிறது என்பதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெர்மாகல்ச்சர் என்பது 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்னும் இருவர் வகுத்த முறை. நிலைத்திருத்தல், வேளாண்மை ஆகிய பொருள்களைத் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. பெயர் புதியதாகத் தோன்றினாலும், தென்னையின் கீழே வாழை, வாழையின் நிழலில் சேம்பும் இஞ்சியும், பலாவில் ஏறிய நல்லமிளகுக் கொடி, வேலியோரம் முருங்கை, அடுக்களை வாசலில் கறிவேப்பிலை என்று நம் பாட்டிமார் வைத்திருந்த விளையைப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளடக்கம் புதியதல்ல. அவர்கள் பழக்கத்தால் செய்ததை இந்த முறை காரணம் சொல்லி, வரைபடம் போட்டுச் செய்கிறது. ஆகவே உங்கள் ஐந்து சென்ட்டில் பாதித் தோட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அதனோடு காய்கறியைச் சேர்க்கப்போகிறீர்கள், அவ்வளவே.

முதல் வேலை பார்ப்பது. ஒரு தாளில் வீடு, கிணறு, மரங்கள், அடுக்களை நீர் வெளியேறும் இடம் ஆகியவற்றை வரைந்துகொண்டு, காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் வெயில் எங்கே விழுகிறது என்று குறித்து வையுங்கள். வெண்டை, வழுதலங்காய் (கத்தரி), மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைகள் நான்கு மணி நேரத்திலும் ஒப்பேற்றிக்கொள்ளும். சேம்பு, மஞ்சள், இஞ்சி ஆகியவை தென்னை நிழலைப் பொறுத்துக்கொள்ளும். தென்னையைச் சுற்றி ஆறடிக்குள் பாத்தி எடுக்காதீர்கள். அதன் உணவுறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. நீங்கள் கத்தரிக்கு வைக்கும் உரத்தைத் தென்னை தின்றுவிடும், வெட்டுப்பட்ட வேருக்காக வருத்தமும்படும்.

அடுத்தது மழைநீர். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இந்த இரட்டை மழையை நம்பித்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நெல் விளைந்தது. ஆனால் சரிவான விளையில் இந்தக் கொடை ஒரே இரவில் தண்டனையாகவும் மாறும். முதல் ஆண்டில் நான் பார்க்க அழகாக இருக்கிறதே என்று பாத்திகளைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக நீட்டினேன்; ஆனி மாதத்து ஒரு மழையில் தொழுவுரமும் விதையும் சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரரின் வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. அந்த ஆண்டு அவருடைய வாழைக்குலைகள் நன்றாகவே இருந்தன. பாத்தி எப்போதும் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் அமைய வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை ஒரு நாள் இரவல் வாங்கினால் அந்தக் கோட்டை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இடம் முடிவானதும் ஒரே ஒரு பாத்தியுடன் தொடங்குங்கள். அது அடுக்களைக் கதவிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை நாம் ஓர் இடத்துக்குப் போகிறோம் என்பதைக் கொண்டே எதை எங்கே நடுவது என்று தீர்மானிப்பது பெர்மாகல்ச்சரின் அடிப்படை விதிகளில் ஒன்று. தினமும் கிள்ளும் கீரையும் மிளகாயும் வாசலருகிலும், ஆண்டுக்கொரு முறை தோண்டும் சேனையும் காய்ச்சில் கிழங்கும் விளையின் கோடியிலும் இருந்தால் வேலை பாதியாகும். நான்கடி அகலத்துக்கு மேல் போக வேண்டாம். இருபுறமும் நின்று கை எட்டினால் பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை, மிதிக்காத மண் இறுகுவதில்லை. நீளம் பத்தடி போதும்.

புல்லை அடியோடு வெட்டி அங்கேயே போடுங்கள். மண் மிகவும் இறுகியிருந்தால் முதல் முறை மட்டும் மண்வெட்டியால் ஓரடி ஆழம் கொத்தி இளக்கலாம். கொத்தவே கூடாது என்று சிலர் சொல்வதை இந்தச் செம்மண்ணில் நான் ஏற்பதில்லை. அதன் மேல் நான்கைந்து கூடை நன்கு மக்கிய தொழுவுரம், அதன் மேல் நாலு விரற்கடை உயரத்துக்குச் சருகு மூடாக்கு. சருகுக்கு எங்கே போவது என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் மார்கழி, தை மாதங்களில் ரப்பர் தோட்டங்கள் இலையுதிர்க்கும்போது நம் ஊரில் மாலைதோறும் எழும் புகையே அதற்குப் பதில். கூட்டிப் பெருக்கித் தீ வைக்கும் அந்தக் குவியல்தான் உங்கள் தோட்டத்துக்கு இல்லாமல் போகும் உரம். சருகு மூன்று பங்குக்குப் பச்சைக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கி, ஈரம் காயாமல் வைத்து, இடையிடையே புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மக்கு உரமாகிவிடும்.

நடுவதற்கு முதல் பருவத்தில் தண்டங்கீரை, வெண்டை, பயத்தங்காய், வழுதலங்காய், காந்தாரி மிளகாய் ஆகிய ஐந்து போதும். கீரை மூன்று நான்கு வாரங்களில் கைக்கு வரும். வெண்டையும் பயத்தங்காயும் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இந்த முதல் காய்கள்தான் புதிதாகத் தொடங்குபவரைத் தோட்டத்தில் நிறுத்திவைப்பவை. பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், காய்ப்பு ஓய்ந்ததும் பயற்றுக் கொடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். வேலியோரம் தவசிக்கீரை, கோவைக்காய், முருங்கை போன்ற பல்லாண்டுப் பயிர்களை இப்போதே நட்டுவிட்டால், பாத்தி ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் அடுக்களைக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டிருக்கும்.

அடுக்களைக் கழிவுநீர் விழும் இடத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு வட்டக் குழி தோண்டி, ஓலை, மட்டை, வாழைத்தடை எல்லாவற்றையும் போட்டு நிரப்பி, குழியின் விளிம்பைச் சுற்றி மூன்று நான்கு மட்டி வாழைக் கன்றுகளை நடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிக்கு அடுக்களை நீரைவிட நல்ல பாசனம் கோடையில் கிடைக்காது.

மேற்கு வட்டாரத்து மண்ணில் பெரும்பாலும் புளிப்புத்தன்மை இருக்கும். அதற்குச் சுண்ணாம்பு இடலாம்; ஆனால் எவ்வளவு என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகே முடிவு செய்யுங்கள். திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால் வழி சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் மணற்பாங்கான இடத்தில் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்பதில்லை.
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: மார்த்தாண்டத்து வாசகிக்குச் சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அங்கே பாத்தி மேடாக இருக்க வேண்டும். உங்கள் மணலில் தரைமட்டத்துக்கு அரையடி கீழே பள்ளமாக இருக்க வேண்டும். ஒன்றரையடி தோண்டி, தேங்காய்க் கதம்பையை (உரித்த நார் மட்டையை) அதன் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு இரண்டு வரிசை அடுக்கி, அதன் மேல் மக்கு உரம் கலந்த மண்ணை இடுங்கள். கதம்பை தன் எடையைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாகத் தரும். உரித்த கையோடு போடாமல், ஒரு மழைக்காலம் வெளியில் நனைந்த பழைய கதம்பையாகப் பார்த்துப் போட்டால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் போயிருக்கும்.

முருங்கை, சர்க்கரைவள்ளி, தட்டைப்பயறு, வெள்ளரி ஆகியவற்றுடன் தொடங்குங்கள். கடற்காற்று வரும் பக்கத்தில் சுவர் எழுப்புவதைவிட உயிர்வேலி நல்லது. சுவரில் மோதும் காற்று மேலேறி மறுபுறம் சுழன்று இறங்கும். இலைகளுக்கிடையே புகுந்து வரும் காற்று வேகம் தணிந்து வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் செடி சாய்கிறது என்று எழுதியிருக்கும் தோவாளை வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: மூடாக்கு போட்ட பிறகு பெரிய நத்தைகள் பெருகி நாற்றுகளைத் தின்று தீர்க்கின்றன. மூடாக்கு போடுவது தவறா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: தவறில்லை, காலம்தான் தவறிவிட்டது. மாசி முதல் வைகாசி வரை மூடாக்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நன்மையே. மழை பிடித்துவிட்டால், இளநாற்றுகளைச் சுற்றி ஓரடிக்குச் சருகை விலக்கி மண்ணைத் திறந்துவிட வேண்டும். நீங்கள் சொல்வது ஆப்பிரிக்கப் பெருநத்தையாக இருந்தால் பகலில் ஈரமான இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் மேயும். மாலையில் நனைத்த சாக்கை விரித்து அதன் அடியில் பப்பாளி இலையையும் முட்டைக்கோஸ் கழிவையும் வையுங்கள். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாகக் கிடைக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுவிடுங்கள். அந்த உப்பு நீரைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். சில வாரங்களுக்கு இதைத் தினமும் செய்ய வேண்டும், இடையில் விட்டால் பயனில்லை.

கேள்வி: எங்களிடம் மாடு இல்லை. மாட்டுச் சாணமும் கோமியமும் கொண்டு செய்யும் ஜீவாமிர்தக் கரைசல் இல்லாமல் தோட்டம் போட முடியாதா?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: முடியும். பெர்மாகல்ச்சர் இருப்பதைக் கொண்டு நடத்தச் சொல்கிறது. நம் மாவட்டத்தில் மாடில்லாத வீட்டிலும் மீன் உண்டு. மீன் கழிவுக்குச் சம எடை வெல்லத்தைச் சேர்த்து மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் நிழலில் வையுங்கள். மூன்று வாரங்களுக்கு மேல் ஆனதும் தேன்போல் ஒரு நீர் பிரியும். அதை வடிகட்டி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து, மாலை வேளையில் இலைகளில் தெளிக்கலாம். வெல்லத்தில் கஞ்சத்தனம் காட்டினால் அழுகிய நாற்றம் வந்து வீட்டிலுள்ளவர்கள் உங்களையும் வாளியையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார்கள். வாளியின் மூடி மேல் ஒரு கனமான கல்லும் இருக்கட்டும், பூனைக்காக.