கதைக்குள் எது நிஜம்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நிஜமும் மாயமும் கலந்த ஒரு கதை எழுதினேன். கடைசி வரியில் நாயகன் கண் விழிக்கிறான். படித்தவர்களெல்லாம் "ப்பூ, கனவா!" என்றுவிட்டார்கள். கனவில் முடிக்கவே கூடாதா?
(வாசகர், தென்காசி)

பதில்: முடிக்கலாம். ஆனால் கண் விழித்தவனுக்கு நஷ்டம் எதுவும் இல்லையென்றால் நஷ்டம் வாசகருக்குத்தான்; அதுவரை படித்ததெல்லாம் தள்ளுபடி.

அமெரிக்க எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1890-இல் எழுதிய 'அவுல் க்ரீக் பாலத்தில் ஒரு சம்பவம்' கதையைப் பாருங்கள். (முடிவைச் சொல்லாமல் விளக்க வழியில்லை.) உள்நாட்டுப் போர்க் காலம். ரயில் பாலத்தில் ஒருவனைத் தூக்கிலிடுகிறார்கள். கயிறு அறுந்து ஆற்றில் விழுகிறான், நீந்தித் தப்புகிறான், வீடு வந்து மனைவியை அணைக்கப்போகும் நொடியில் பிடரியில் பலத்த அடி. பார்த்தால், பாலத்தடியில் அவன் பிணம் ஆடிக்கொண்டிருக்கிறது. தப்பித்ததெல்லாம் சாகும் நொடியில் ஓடிய நினைப்பு.

இங்கே ஏன் "ப்பூ" வரவில்லை? ஒன்று, விழிப்பதற்குப் பதில் சாகிறான். இன்னொன்று, துப்புகள் முன்பே கிடக்கின்றன. விழுவதற்கு முன்னாலேயே அவன் கடிகாரத்தின் டிக் ஒலி சம்மட்டி அடியாகக் கேட்கிறது. அடிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. தண்ணீரில் கிடப்பவனுக்குப் பாலத்தின் மேல் குறிபார்க்கும் சிப்பாயின் கண் சாம்பல் நிறம் என்பது தெரிகிறது. வீட்டுக்குப் போகும் சாலை நகரத்துத் தெரு அகலம், ஆனால் ஆளே இல்லை. கழுத்து வலிக்கிறது, நாக்கு வீங்குகிறது, காலுக்கடியில் சாலை தட்டுப்படவில்லை. முதல் வாசிப்பில் இதெல்லாம் ஓடிக் களைத்தவனின் அலுப்பு. இரண்டாம் வாசிப்பில் தூக்குக் கயிறு.

உங்கள் கதையில் இப்படி நாலைந்து துப்புகளை நடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் வாசிப்பிலேயே ஒரு சாதாரணக் காரணம் இருக்க வேண்டும். காரணமே இல்லாத விசித்திரம் இரண்டாம் பக்கத்திலேயே குட்டை உடைத்துவிடும்.

கேள்வி: கனவு, போதை, காய்ச்சல் எதையும் காரணம் காட்டாமல் நிஜத்திலிருந்து மாயத்துக்குத் தாண்ட முடியுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: முடியும். ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டீனாவின் ஹூலியோ கொர்த்தாசார் எழுதிய 'பூங்காக்களின் தொடர்ச்சி' இரண்டே பக்கம். பண்ணைக்காரர் ஒருவர் பச்சை வெல்வெட் நாற்காலியில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நாவல் படிக்கிறார். நாவலுக்குள் ஒரு கள்ளக்காதலன் கத்தியோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். நாய்கள் குரைக்கக் கூடாது, குரைக்கவில்லை. அந்த நேரத்தில் காரியஸ்தர் இருக்க மாட்டார், இல்லை. வாசலில் மூன்று படி, நீல அறை, மாடி, கதவுகள். கடைசியில் பச்சை வெல்வெட் நாற்காலி, அதில் நாவல் படிக்கும் ஒருவரின் தலை.

"நாவல் நிஜமானது" என்று எங்கும் சொல்லவில்லை. நாற்காலியும் காரியஸ்தரும் முதலிலேயே சும்மா வந்துபோகிறார்கள். சொகுசு, நிலபுலன் என்று கடந்துவிடுகிறோம். உங்கள் பொருளையும் முதல் கால் பகுதியில் வேறு வேலையாகக் காட்டுங்கள். அடையாளம் இரண்டு போதும். அதற்குப் பிறகு நடுவில் மறுபடி தொட வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான்: வாசகர் மறந்துவிடுவாரோ என்று பயந்து மூன்று தடவை நினைவூட்டுவார்கள்.

கேள்வி: புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எது நிஜம் என்ற ஐயத்தில் ஓடும் வகையா?
(வாசகர், மதுரை)

பதில்: இல்லை. அங்கே வந்தவர் கடவுள்தானா என்ற ஐயத்தில் கதை ஓடவில்லை. ஆனால் டிராமுக்கு ஒன்றே காலணா, மிச்சக் காலணாவில் வெற்றிலை பாக்கு என்று கந்தசாமிப் பிள்ளை போடும் கணக்கைப் படியுங்கள். பிராட்வே முனையில் காசு எண்ணுகிறவர் பக்கத்தில் நின்றால் கடவுளும் நம்பும்படி ஆகிவிடுகிறார். ஐயத்தில் ஓடும் கதை வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. தூக்கமில்லாத இரவிலிருந்தே தொடங்குகிறது. தூங்காதவன் சொல்வதை எவ்வளவு நம்புவது?

கேள்வி: மாயக் காட்சியில் 'போல' எத்தனை முறை வரலாம்?
(வாசகி, கோவை)

பதில்: 'கதவு திறந்தது போலிருந்தது' என்றால் கதவு திறக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று. 'கதவு திறந்தது' என்று மட்டும் எழுதுங்கள். ஐயம் வேண்டுமானால் பாத்திரத்தின் வாயில் வையுங்கள், கதைசொல்லியின் வாயில் அல்ல. ஊர்ப் பேச்சாகச் சொல்லும் இடங்களில் 'திறந்ததாம்' என்பது இன்னும் கைகொடுக்கும்; பொறுப்பை யாரும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை.