ஜீப்புக்குப் பின்கண்ணாடி: முதலில் கண்ணாடி, அப்புறம் ஓட்டை

கேள்வி: எனக்குப் பாலக்கோடு பக்கம். பழைய மகிந்திரா எம்.எம். 540 ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். தார்ப்பாய் டாப்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தகட்டில் மூடிய டாப் கட்டப் போகிறோம். பின்னால் பெரிய ஜன்னல் கண்ணாடி வைக்க ஆசை. பட்டறையில், “ஓட்டை வெட்டி அக்ரிலிக் ஷீட்டை ஸ்குரூ போட்டு முடுக்கி, சுற்றிலும் சிலிக்கான் அடித்துவிடலாம்” என்கிறார்கள். தக்காளி கிரேடு (பெட்டி) ஏற்றிக்கொண்டு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வரை போய்வருவேன். தாங்குமா?

பதில்: தாங்காது. அஞ்செட்டி பக்கத்து மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முறுகும், அதோடு பாடியும் முறுகும். நீங்கள் வெட்டிய சதுர ஓட்டை அந்த நொடியில் கோணலாகிறது. ஸ்குரூ போட்டு இறுக்கிய ஷீட்டுக்கு அசைய இடமில்லாததால் ஸ்குரூ துளையிலிருந்தே விரிசல் ஓடும். வெயிலும் சும்மா விடாது. ஒரு மீட்டர் அகல அக்ரிலிக் 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், அதே அகல இரும்பு அரை மி.மீ. அளவுதான் நீளும். மீதி நீளத்துக்கு ஷீட் எங்கே போகும்?

சட்டமும் இடிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 100ஆம் விதி, தார்ப்பாய் டாப்பும் பக்கத் திரையும் உள்ள வண்டிகளுக்கு அக்ரிலிக் அல்லது பிளாஸ்டிக் ஷீட்டை அனுமதிக்கிறது. மூடிய பாடி கட்டிய பிறகு அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது, தரச் சான்றுள்ள பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும். பின்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் வர வேண்டும் என்பதால் கறுப்புக் கண்ணாடி ஆசையும் வேண்டாம். இன்னொன்று, தார்ப்பாய் டாப்பை இரும்பு டாப்பாக மாற்றுவதே வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்குள் வரும் விஷயம். தகட்டில் கட்டிங் மெஷினை வைக்கும் முன் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு தருமபுரி ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் ஏறாத பாடியோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகும்.

இனி கண்ணாடி. எல்லோரும் ஓட்டையை வெட்டிவிட்டுக் கண்ணாடி தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பிக்கப் வண்டிகளின் கேபின் பின்கண்ணாடி பெரும்பாலும் தட்டையானது, பீடிங் ரப்பரில் (கண்ணாடி விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டையில்) உட்கார்வது. அப்படி ஒரு கண்ணாடியையும் அதற்கான ரப்பரையும் முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். நாளைக்குக் கல் பட்டு உடைந்தால் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கடையில் கேட்டு வாங்கலாம். உங்கள் வண்டிக்கென்றே செய்த கண்ணாடி உடைந்தால் அடுத்தது வரும்வரை வண்டி பட்டறையில்தான்.

அந்த அளவு ஒத்துவரவில்லை என்றால் மட்டும் தனியாகச் செய்யுங்கள். டஃபன் கண்ணாடியை (சூளையில் சூடாக்கிக் கடினமாக்கிய பாதுகாப்புக் கண்ணாடி) சூளையிலிருந்து வந்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடும். ஆகவே ஓட்டை முழுதாக முடிந்து, இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்து, பிளைவுட்டில் அச்சு வெட்டி ரப்பரோடு மாட்டிப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். ரப்பரின் நடுத்தண்டு (கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே நிற்கும் பகுதி) 6 மி.மீ. என்றால் கண்ணாடி ஓட்டையைவிடச் சுற்றிலும் 6 மி.மீ. சிறிதாக இருக்கும். 900-க்கு 400 ஓட்டை என்றால் கண்ணாடி 888-க்கு 388. மூலைகளை நன்றாக வளைத்து வெட்டுங்கள், ரப்பர் கூர்மையான மூலையில் திரும்பாது, சுருங்கித் தூக்கிக்கொள்ளும். ஆர்டர் கொடுக்கும்போது ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 2553 பகுதி 2 முத்திரை வேண்டும் என்று கேளுங்கள். பகுதி 1 என்பது கட்டடத்துக்கான கண்ணாடி.

ரப்பர் வாங்கப் போகும்போது உங்கள் தகட்டில் ஒரு துண்டையும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரப்பரில் இரண்டு பள்ளம், ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று தகட்டுக்கு. ஒன்றரை மி.மீ. தகட்டுக்கான ரப்பர் ஃபைபர் டாப்பின் தடிப்புக்கு ஏறாது. ரப்பரைச் சுற்றளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி நெருக்கிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாளாக ஆகச் சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும்.

பொருத்தும் வேலை இரண்டு ஆள் வேலை. ஓட்டை விளிம்பில் பிசிறையும் வெல்டிங் முடிச்சையும் அரம் போட்டுச் சுத்தமாக எடுத்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து உலரவிடுங்கள். டஃபன் கண்ணாடிக்கு விளிம்புதான் உயிர்நிலை. அங்கே ஒரு வெல்டிங் முடிச்சு இடித்துக்கொண்டிருந்தால் வண்டி நிற்கும்போதேகூட வெடிக்கும். ரப்பரை முதலில் கண்ணாடியில் மாட்டுங்கள். தகட்டுப் பள்ளத்துக்குள் மெல்லிய கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, இரு முனையும் கீழ் நடுவில் ஒன்றை ஒன்று தாண்டித் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக மெதுவாக இழுப்பார். ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி அங்குலம் அங்குலமாக உள்பக்கம் புரண்டு உட்காரும். அவசரப்பட்டு ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது. டீசலோ எண்ணெயோ தடவவும் கூடாது, ரப்பர் ஊதிவிடும். தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே இறுகிப்போகாத மாஸ்டிக் (இடைவெளியை அடைக்கும் பசை) போதும். வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், பெயின்ட் போன இடத்தில் இரும்பைத் துரு பிடிக்க வைக்கும்.

இடம் குறிப்பதற்கு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் உள் மிரரில் பாருங்கள். பின்னால் ஒருவர் கண்ணாடி அளவு அட்டையைப் பிடிக்கட்டும். கிரேடு அடுக்கி, ஸ்டெப்னி மாட்டி வைத்த நிலையில் எது தெரிகிறதோ அதற்குத்தான் கண்ணாடி. தொப்பூர் இறக்கத்தில் பின்னால் நெருங்கும் லாரி தெரியாவிட்டால் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தும் பயனில்லை. உள்ளே கிரேடு சாயாமல் கம்பித் தடுப்பு வையுங்கள், கம்பி கண்ணாடியைத் தொடக் கூடாது.

காற்றுக்காக அதைத் திறக்கும் கண்ணாடியாக்க நினைத்தால் வேண்டாம். ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று உள்ளே இழுக்கும். கிரானைட் லாரி கிளப்பும் புழுதியோடு உங்கள் சைலன்சர் புகையும் வரும், அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. காற்று பக்க ஜன்னல்களில் வரட்டும்.

உள் லைனிங் ஒட்டும் முன் ஹோஸில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போனால் ஒழுகும் இடம் தெரியும். அப்புறம் ஒருமுறை லோடோடு அஞ்செட்டி போய்வந்து, அதே சோதனையைத் திரும்பச் செய்துவிட்டு லைனிங்கை ஒட்டுங்கள்.