சோலை நிழலில் சிங்கவால் குரங்கு: பாடியா, லென்ஸா?

ஃபுல் ஃப்ரேம் பாடி (பெரிய சென்சார் கேமரா) வாங்கலாமா, லென்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். பாடி இப்போதைக்கு வேண்டாம். பணத்தை லென்ஸில் போடுங்கள். வால்பாறையில் கிராப் பாடி (சிறிய சென்சார் கேமரா), 150-600 மி.மீ. லென்ஸ் கொண்டு எடுத்த குரங்குப் படங்கள் கலங்கலாக வருகின்றன என்கிறீர்கள். 600-இல் அந்த லென்ஸ் திறப்பது எஃப்/6.3 வரைதான் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). 70-200 எஃப்/2.8 லென்ஸ் ஏறக்குறைய 5 மடங்கு ஒளியை விடும். ஷட்டர் வேகம் 1/100 நொடியிலிருந்து 1/500 ஆகிவிடும். புதுத்தோட்டம் பக்கம் குரங்குகள் சாலையோரமே வருவதால் 200 மி.மீ. பெரும்பாலும் போதும். நல்ல நிலையில் பழையது கிடைத்தாலும் சரி.

ஃபுல் ஃப்ரேமில் குரங்கு சின்னதாக விழும். வெட்டிப் பெரிதாக்கினால் பெரிய சென்சாரின் லாபம் அங்கேயே போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஆட்டோ ஐஎஸ்ஓவின் (கேமரா தானே கூட்டிக்கொள்ளும் ஒளி உணர்திறன்) உச்ச வரம்பைப் பாருங்கள். அது 1600-இல் நின்றிருந்தால், அப்பர்ச்சர் மோடில் (திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா முடிவு செய்யும் முறை) கேமரா ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

1. வரம்பை 6400 ஆக்குங்கள்.
2. ஷட்டர் 1/500, அப்பர்ச்சர் முழுத் திறப்பு, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்).
3. கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் கூர்மை இருந்தால், இதுவரை கோளாறு ஷட்டர் வேகத்தில்தான் இருந்திருக்கிறது. அந்தப் புள்ளிகளை, அதாவது நாய்ஸை, மென்பொருளில் குறைக்கலாம். அசைந்த முகத்தை மீட்பது கடினம். இன்னும் கலங்கினால் ஃபோகஸைக் கவனியுங்கள்.

150-600-ஐ விற்றுவிடாதீர்கள், உச்சிக்கிளை மலையணிலுக்கும் இருவாச்சிக்கும் 200 எட்டாது. அப்புறம், கிட்டே வரவைக்கக் குரங்குக்குத் தீனி மட்டும் போடவே வேண்டாம்.