கன்னத்தோடு நிறுத்துங்கள்: சவரக்கத்தி கேள்வி-பதில்

சவரக்கத்தி பற்றிய கேள்விகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமிருந்தும், கேரளத்தின் அந்தப் பக்கமிருந்தும் வருகின்றன. புனலூர்க்காரர் நல்ல தமிழில் கேட்கிறார், புளியரைக்காரர் பாதி மலையாளத்தில் கேட்கிறார். புளியரைக்குப் பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தோடு இருந்த ஊர்தானே, இதில் ஆச்சரியமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, கத்தி வாங்கியாச்சு. பெட்டியைத் திறந்து பார்த்துட்டு மூடி வச்சிருக்கேன். முதல் நாள் எங்கே ஆரம்பிக்கணும்? (புளியரை)

கன்னத்தில். கிருதாவுக்குக் கீழே, தாடை எலும்புக்கு மேலே இருக்கும் அந்தச் சமமான இடம் மட்டும். மிச்சத்தை வழக்கமான ரேஸரில் முடித்துவிடுங்கள். ஓரிரண்டு வாரம் இரண்டு கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் தாடை ஓரம், அப்புறம் கழுத்து. மோவாயும் மூக்குக்குக் கீழே உள்ள இடமும் கடைசி. முதல் நாளே முழு முகத்தையும் முடித்துவிட வேண்டும் என்ற வீம்பில்தான் பலர் மோவாயில் வெட்டிக்கொண்டு கத்தியை விற்றுவிடுகிறார்கள்.

பிடி எப்படி என்றால், கைப்பிடியை மேலே மடக்கிவிட்டு, கத்தியின் கழுத்துக்கு அடியில் கட்டைவிரலும் மேலே மூன்று விரலும் வையுங்கள். பின்னால் வளைந்த வால் மேல் சுண்டுவிரல். கத்தியைக் கன்னத்தில் படுக்கவைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். முதுகின் தடிமன் அளவுக்கு, மிஞ்சிப்போனால் அதைப் போல இரண்டு மடங்கு இடைவெளி போதும். கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 30 டிகிரி. அதற்கும் மேலே தூக்கினால் தோலைச் சுரண்டும், வெட்டும். முழுக்கப் படுத்துவிட்டால் முடியைப் பிடித்து இழுக்கும்.

அழுத்தவே கூடாது. கத்தியின் எடை போதும். முடி அறுபடவில்லை என்றால் பதம் போதவில்லை, அல்லது முடி ஊறவில்லை. இரண்டுக்கும் அழுத்தம் மருந்தில்லை. மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். அந்தக் கையின் விரல்கள் உலர்ந்திருக்க வேண்டும். வழுக்கினால் படிகாரக் கல்லை விரலில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டால் பிடி கிடைக்கும். ஒவ்வொரு இழுப்பும் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: கத்தி தன் வாயின், அதாவது வெட்டும் ஓரத்தின், நீளவாக்கில் ஒருபோதும் நகரக் கூடாது. தக்காளி நறுக்கும்போது அப்படித்தான் இழுக்கிறோம், தோலும் அப்படியே நறுங்கும்.

குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை 2, 3 நிமிடம் முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சலூனில் முகத்தில் தண்ணீர் அடித்து நுரை போட்டுவிட்டு அவர் பேசிக்கொண்டே நிற்பதை வெட்டிப்பேச்சு என்று நினைத்தீர்களா? முடி ஊறக் காத்திருக்கிறார்.

பாதி பிளேடு மாட்டுற கத்தியில கை பழகிட்டு முழுக் கத்திக்குப் போறதுதானே முறை? (கம்பம்)

அப்படி ஒரு முறை இல்லை, தம்பி. பிளேடு மாட்டும் கத்தி விலை குறைவு, தீட்டும் வேலை இல்லை. அந்த வசதி உண்மை. ஆனால் அது எடை குறைந்தது, பிளேடின் மூலை ஊசி மாதிரி நிற்கும், கை சற்றுப் பிசகினாலும் மன்னிக்காது. பிளேடு மாட்டாமல் வாயையே தீட்டிப் பயன்படுத்தும் முழுக் கத்தி கனமானது, நிதானமானது. என் கணக்கில் புதிதாகப் பழகுகிறவருக்கு முழுக் கத்திதான் சாது. கையில் காசு இறுக்கமென்றால் பிளேடு கத்தியில் ஆரம்பியுங்கள், தப்பில்லை. ஒன்றைக் கற்றுக்கொண்டால் இன்னொன்று தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்பவேண்டாம். கோணமும் எடையும் வேறு.

வாங்குவதானால் அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம் பாருங்கள். முனை வட்டமாக இருக்கட்டும், கூர்முனை பிறகு. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் இரண்டும் இதற்கென்றே பேர்போன ஊர்கள். பளபளவென்று மலிவு விலையில் கிடைப்பவற்றில் பல, பெட்டியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சவரத்துக்குத் தயாராகத் தீட்டி அனுப்புகிறீர்களா? இழுத்துப் பேசினால் வேறு கடை பாருங்கள்.

பரணில் தாத்தாவின் கத்தி கிடைத்தது. ஷெஃபீல்டு என்று பொறித்திருக்கிறது. துரு இருக்கிறது. சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? (புனலூர்)

தயவுசெய்து வேண்டாம். சுற்றும் சாணையில் பொறி பறக்கும்போதே எஃகின் பதம் போய்விடும். அரிவாளும் கத்திரிக்கோலும் அதைத் தாங்கும். சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது, சூட்டில் மிருதுவாகிவிட்டால் மீட்க முடியாது.

ஷெஃபீல்டு என்றால் இங்கிலாந்தின் எஃகு ஊர், நல்ல சரக்காக இருக்க வாய்ப்புண்டு. முதலில் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் அது நினைவுப்பொருள்தான், முகத்தில் வைக்காதீர்கள். மேலாகப் படிந்த துரு போய்விடும். வாயோரத்தில் குழி விழுந்திருந்தால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் புதுப் பல் விழும். கைப்பிடி பழைய செல்லுலாய்டாக இருந்து, பிசுபிசுப்பும் ஒரு காரநெடியும் அடித்தால் உடனே மாற்றுங்கள். அது கெட்டுப்போகும்போது வெளியிடும் ஆவியே கத்தியைத் துருப்பிடிக்கவைக்கும்.

தீட்ட வேண்டியது தட்டையான கல்லில், தண்ணீர் விட்டு, கையால். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும். முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானித்துவிடும், அப்படித்தான் இதைச் செய்திருக்கிறார்கள். எண் ஏற ஏறக் கல் நைசாகும்: 1000 எண் கல்லில் வாயை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, 12000 பக்கத்தில் முடிப்பது வழக்கம். முதல் தடவை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊரில் பழைய சலூன் வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். எத்தனையோ பேருடைய நல்ல கல் பயனில்லாமல் பெட்டியில் கிடக்கிறது.

தோல் வாரில் தீட்டத் தீட்டக் கத்தி மழுங்குது. வாரிலும் வெட்டு விழுந்துடுச்சு. (தென்காசி)

இரண்டும் ஒரே தவறு. திருப்பும்போது கத்தியை வாய்ப்பக்கம் உருட்டுகிறீர்கள்.

வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். கத்தியை முழுக்கப் படுக்கவையுங்கள். முதுகு முன்னே போகும், வாய் பின்னால் வரும். கோடிக்கு வந்ததும் முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், அந்த முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்புங்கள். துணிப் பக்கம் 20 போக்குவரத்து, தோல் பக்கம் 40, 50. சினிமாவில் பட்பட்டென்று அடிப்பது கேமராவுக்கு. நீங்கள் மெதுவாக, ஒவ்வொன்றாகப் போங்கள். வேகம் பிறகு தானே வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

பழகும் வரை மலிவான வார் போதும். சின்ன வெட்டு விழுந்த வாரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். பதம் பார்க்கக் கட்டைவிரலைக் கத்தியின் வாயில் ஓட்டாதீர்கள். முன்கை முடியில் லேசாக வைத்துப் பாருங்கள், சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். வாரில் தீட்டியும் முடியை இழுக்கிறதென்றால் கல்லுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

சாரல் ஆரம்பிச்சா கத்தி துருப்பிடிக்குது. தேங்காய் எண்ணெய் தடவுறேன். போதுமா? (குற்றாலம்)

தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சவரம் முடிந்ததும் கழுவி, துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, காற்றாடவிட்டு, பிறகு எண்ணெய். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கத்தியைக் குளியலறையில் வைக்கவே வைக்காதீர்கள். வாரும் அப்படித்தான், பூஞ்சை பூத்துவிடும். உலர்ந்த அறையில் தொங்கவிடுங்கள்.

நுரை நிக்கவே மாட்டேங்குது. கன்னத்துலயே காய்ஞ்சுபோகுது. சோப்பு சரியில்லையா? (ஆலங்குளம்)

போர் தண்ணீரா? அப்படியென்றால் சோப்பின் மேல் பழி போடாதீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடும். குடிக்கிற கேன் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து நுரை கட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மழைத் தண்ணீர் பிடித்துவைத்தால் இன்னும் உத்தமம். பிரஷ்ஷை நனைத்து உதறி, சோப்பில் அரை நிமிடமாவது சுழற்றி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நுரையில் குமிழி தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

மாலை போட்டு மலைக்குப் போய்ட்டு வந்திருக்கேன். ஒரு மண்டலம் வளர்ந்த தாடி. இதுலயே கத்தியைத் தொடங்கலாமா? (ஆரியங்காவு)

வேண்டாம் சாமி. நீண்ட முடியில் கத்தி சிக்கும். முதல் தடவை சலூனில் எடுத்துக்கொண்டு, அவர் கை போகும் திசையைக் கண்ணாடியில் கவனியுங்கள். இரண்டு நாள் கழித்து முளைக்கும் முடியில் நீங்கள் தொடங்கலாம்.

சங்குப் பக்கம் மட்டும் எரிச்சல், சின்னச் சின்னப் பரு. (போடி)

கழுத்து முடி பலருக்குக் கீழிருந்து மேலே, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழியாக முளைக்கும். இரண்டு நாள் முடியில் விரலை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். வழுக்கிப் போகிற திசைதான் முடியின் திசை. கத்தியும் அதே திசையில் போகட்டும். எதிர்த்திசையில் மழிக்கிற ஆசையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். சுருட்டை முடிக்காரர்கள் ஒட்ட மழித்தால் முடி தோலுக்குள்ளேயே திரும்பிவிடும், அவர்களுக்கு ஒருவழி மழிப்பே போதும். சர்க்கரை நோய்க்காரர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நானும் அண்ணனும் ஒரே கத்தியை வச்சுக்கலாமா? வெந்நீரில் கழுவிடுவோம். (கொழிஞ்சாம்பாறை)

கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும். வெந்நீரில் அலசுவது அதற்குப் போதாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதன்பிறகு வந்த விழிப்புணர்வில்தான் சலூன்கள் ஆளுக்கொரு பிளேடு என்று மாறின. கடையில் புது பிளேடு கேட்கிற நீங்கள் வீட்டில் மட்டும் ஏன் பங்கு போடுகிறீர்கள்? ஆளுக்கொரு கத்தி.

வெட்டிட்டா? (மூன்று ஊர்களிலிருந்து, இதே ஒற்றைச் சொல்லில்)

கீறல் என்றால் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் நனைத்த படிகாரக் கல். ஆழம் என்றால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. துருப்பிடித்த கத்தியோ இல்லையோ, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று அங்கே சொல்லுங்கள்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு விழட்டும் என்று விடுங்கள். போனது கத்தியோடு போகட்டும்.

துபாய்க்குப் போறேன், திருவனந்தபுரத்துல இருந்து ஃப்ளைட். கைப்பையில கத்தி விடுவாங்களா? (களியக்காவிளை)

விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில், கத்தியை மடக்கி, துணியில் சுற்றி வையுங்கள். வாரையும் மறக்காதீர்கள்.