நாலாவது சுற்றில் கார் சோர்ந்துபோவது ஏன்?

கேள்வி: என்னுடையது இரட்டை டர்போ வி6 ஸ்போர்ட்ஸ் கார். ரேஸ் டிராக்கில் முதல் இரண்டு சுற்று பறக்கிறது. நாலாவது சுற்றில் இழுவை குறைந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடுகிறது. பெரிய இன்டர்கூலர் போட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, டர்போ டைமரும் மாட்டிக்கொள்ளும்படி வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கு ஏற்ப கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வை, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வண்டி கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. டர்போ என்பது காற்றை அமுக்கும் கருவி. அமுக்கினால் காற்று சூடாகும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 1 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) அமுக்கினால், டர்போவில் அமுக்கும் பகுதியான கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது அது சுமார் 130 டிகிரி. அதைக் குறைக்கத்தான் இன்டர்கூலர். இரண்டு சுற்று வரை அந்த அலுமினியம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அதுவே சூட்டில் ஊறிவிடுகிறது. சூடான காற்று சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்துத் தட்டும். அதைக் கேட்டதும் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ தீப்பொறியைத் தாமதிக்கும், பூஸ்டையும் குறைக்கும். உங்களுக்குத் தெரிகிற சோர்வு அதுதான்.

முள் நடுவில் நிற்கிறதே என்கிறீர்கள். அந்த முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் அது ஒரே இடத்தில் நிற்கும்படி தயாரிப்பாளரே செய்து வைத்திருக்கிறார். முள் கொஞ்சம் அசைந்தாலும் வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டருக்கு ஓடி வருகிறாராம், அந்தத் தொல்லை வேண்டாமாம். இவ்வளவு சக்தி வாய்ந்த காரை விற்றுவிட்டு, ஓட்டுபவரிடமிருந்து உண்மையை மறைப்பது என்ன நியாயம்? சர்வீஸ் சென்டரோ, கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை, எனவே குறையில்லை என்று அனுப்பிவிடும். போகட்டும். அந்த முள் காட்டுவது கூலன்ட்டை மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு. கார் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் படிக்கும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டினால் பல கார்களில் அது தெரியும். வெளிக்காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருந்தால் இயல்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போய் 65, 70 டிகிரியைத் தொட்டால், காரணம் அங்கேதான்.

அடுத்து, பம்பரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெரிய இன்டர்கூலரைவிட இதற்குத்தான் பலன் அதிகம், ஆனால் விற்க எதுவும் இல்லாததால் யாரும் சொல்ல மாட்டார்கள். காற்றுக்குச் சோம்பல் அதிகம். இன்டர்கூலரின் நெருக்கமான தகடுகளுக்குள் புகுவதைவிட, பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் அதன் வழியாகவே ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் ஓரங்களில் ஃபோம் பட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் வைத்திருக்கிறார்கள். சின்ன இடி வாங்கி பம்பர் மாற்றிய கார்களில் இவை திரும்ப மாட்டப்படாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் இருக்கும் தட்டும் அப்படித்தான், இரண்டு ஸ்க்ரூ காணவில்லை என்று மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இரட்டை டர்போவில் இன்னொரு சங்கதி. சில கார்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இன்டர்கூலர்கள் இருக்கும். சில தலைமுறை போர்ஷே 911 டர்போக்களின் பின்பக்க ஃபெண்டர்களில் தெரியும் துவாரங்கள் அழகுக்கு அல்ல, அந்த இரண்டுக்கும் காற்று போகும் வழி. ஒரு பக்கம் இலையும் தூசியும் அடைத்திருந்தால் அந்தப் பக்கத்துக் காற்று மட்டும் சூடாகும். இரண்டும் கலந்த பிறகு ஒரே சென்சார் அளக்கும் காரில், இது வெறும் சராசரியாகத்தான் தெரியும். ஓட்டி முடித்த கையோடு இரண்டு இன்டர்கூலர்களை விட்டும் வெளியே வரும் குழாய்களில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், எனவே ரப்பர் இணைப்பின் மேல் காட்டுங்கள்.

இப்போது தெர்மோஸ்டாட். முழு வேகத்தில் ஓடும்போது அது ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும். கழற்றினால் நாலாவது சுற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியையும் அதுவே மூடுகிறது. அது இல்லாவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், சூடு கூடும். இதைச் செய்யச் சொல்லும் வொர்க்‌ஷாப்பில் வேறு எதையும் செய்யாதீர்கள்.

பெரிய இன்டர்கூலர் தேவைப்படலாம், ஆனால் கடைசியில். அதற்குப் பின்னால் ரேடியேட்டர் இருந்தால் அதற்கு வரும் காற்றை இது மறைக்கும். வாங்குமுன் டைனோ தாளை, அதாவது எஞ்சின் சக்தியை அளக்கும் கருவியின் அறிக்கையை, காட்டுவார்கள், அங்கே ஒரு தந்திரம் உண்டு: ‘முன்’ அளவை வண்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுப்பார்கள், ‘பின்’ அளவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து எடுப்பார்கள். இரண்டு அளவும் தொடங்கும்போது காற்றின் சூடு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராது.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் டர்போ டைமர் வேண்டாம். விசிறி ஓடுவது குறையல்ல, நல்ல அறிகுறி. டர்போவில் புகையால் சுழலும் பகுதியான டர்பைனுக்குள் 900 டிகிரிக்கு மேல் சூடான புகை போகிறது. எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், டர்பைனின் சூடு தண்டு வழியாக பேரிங்குக்கு ஏறும். இன்றைய கார்களில் அந்த பேரிங் இருக்கும் கூட்டைச் சுற்றி கூலன்ட் ஓடுகிறது. பலவற்றில் அணைத்த பிறகும் ஒரு சின்ன மின் பம்ப் அதைச் சுழற்றும். விதிவிலக்கு ஒன்று உண்டு, கவனமாகப் படியுங்கள். எண்ணெயால் மட்டும் குளிரும் பழைய டர்போவாக இருந்தால், டர்போவுக்கு கூலன்ட் குழாயே போகாமல் எண்ணெய்க் குழாய்கள் இரண்டு மட்டும் இருந்தால், அங்கே தங்கும் எண்ணெய் கருகிக் கரியாகும். அப்போது ஐட்லிங்கில் நிற்கவிடுவது அவசியம்தான். டர்போவை மாற்றும்போது கூலன்ட் குழாயை அடைத்துவிட்ட புதுக் காருக்கும் இதே கதி. அந்த மின் பம்ப் செத்துப்போன காரையும் இதில் சேருங்கள், விசிறி ஓடினாலும் பம்ப் ஓடுகிறது என்று அர்த்தமில்லை, காதை வைத்துக் கேட்க வேண்டும். இவற்றில் எதுவாக இருந்தாலும் கருவி வேண்டாம், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தால் போதும்.

ரீமேப் (ஈ.சி.யூ புரோகிராமை மாற்றுவது) செய்த காரா என்று நீங்கள் சொல்லவில்லை. செய்திருந்தால், ஸ்கேனரை மாட்டும் முன் பழைய புரோகிராமைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பூஸ்டை ஏற்றி, ஈ.சி.யூவின் சூட்டு வரம்புகளைத் தளர்த்தி வைத்திருந்தால் மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது.